1950கள்ல ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியனா இருந்த ராக்கி மார்சியானோ இன்னைக்கு இருந்தா, இந்தக் காலத்து பாக்ஸர் டைசன் ஃப்யூரிய ஜெயிப்பாரா?

குன்னூர் டீக்கடைல போன வாரம் இதே சண்டைதான், பக்கத்து வீட்டு அண்ணன் வர்க்கிய டீல முக்கிக்கிட்டே "49 ஃபைட்டு, 49 வின்னு, அதுல 43 நாக்அவுட்டு, எவன் தம்பி நிப்பான்"னாரு. எனக்கு அப்படித் தோணல. மார்சியானோ 5 அடி 10 அங்குலம், 85 கிலோ சொச்சம், இன்னைக்கு கணக்குல ஹெவிவெயிட்டுக்குக் கீழ உள்ள க்ரூஸர்வெயிட்டுங்க, ஃப்யூரி 6 அடி 9, 115 கிலோவுக்கு மேல, அவரு கைய நீட்டி விடுற அந்த ஜாப் குத்த தாண்டி உள்ள போறதே தேயிலை மூட்டையோட சரிவுல ஏறுற மாதிரி. 2024ல ஃப்யூரிய ரெண்டு தடவ ஜெயிச்ச உக்ரைன் பாக்ஸர் உசிக் கூட 6 அடி 3. ஆனா மார்சியானோ ஸ்டாமினா வேற லெவல், 1952ல அப்ப சாம்பியனா இருந்த வால்காட்கிட்ட பாயிண்ட்ல பின்தங்கி இருந்துட்டு 13வது ரவுண்டுல ஒரே ரைட்டுல சாய்ச்சாரு. இப்ப 12 ரவுண்டுதான், அந்த ரவுண்டே கிடையாது! இத சொன்னதுல இருந்து அண்ணன் என்கூட பேசல.