கடற்கரை ஊரா, பழைய ஊரா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. மூன்று நாள் எங்காவது போய்வரப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பாண்டிச்சேரி பீச்சுக்குப் போகணும் என்கிறார்கள். அவரோ, ‘வருஷம் பூரா கடலைத்தானே பார்க்கிறேன், தஞ்சாவூருக்குப் போவோம்’ என்கிறார். மாமியாருக்கு முட்டிவலி, அவங்களை விட்டுவிட்டும் போக முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: தஞ்சாவூருக்குப் போங்கள். இரண்டு ஊரின் பெருமையையும் அடுக்கிக்கொண்டே போனால் முடிவே வராது, இரண்டுமே நல்ல ஊர்தான். பார்க்க வேண்டியது யார் போகிறார்கள், அவர்களுக்குத் தினமும் கிடைக்காதது எது என்பதை. மற்ற மாதமெல்லாம் டீசல் புகையிலும் உப்புக் காற்றிலும் நிற்கிற மனிதர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் ஒரு மூன்று நாள் தண்ணீர் கண்ணில் படாத ஊரில் இருக்கணும் என்று வாய்விட்டுக் கேட்கிறார். அதைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் பிள்ளைகளிடம், ‘வாசலிலேயே கடல் இருக்கே, உங்களுக்கு எதுக்கு பீச்?’ என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். நம் வடசென்னைப் பக்கம் கடல் இருக்கிறது, மணல் எங்கே இருக்கிறது? இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள், நமக்கு வர வேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமாகிக்கொண்டே போனது, ராயபுரத்துக்கு வடக்கே எண்ணூர் வரைக்கும் கடல் கரையை அரித்துத் தின்றது, வீடுகள் போன பிறகு பாறாங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்கும் சின்ன வயதில் கடற்கரை என்றால் கல்தான். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து வளர்கிற பிள்ளை மணலில் வீடு கட்ட ஆசைப்படுவது ரொம்ப நியாயம்.

அதற்குப் பாண்டிச்சேரி சரிவருமா என்பதுதான் என் சந்தேகம். அங்கேயும் இதே கதைதான். 1980களில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டிய பிறகு ஊர்க் கடற்கரையின் மணல் போய்விட்டது, இப்போதும் பீச் ரோட்டில் பெரும்பகுதி கருங்கல்தான். வடக்கு முனையில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததால் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. நல்ல மணல் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போக வேண்டும், மே மாத சனி ஞாயிறு என்றால் கூட்டமும் அறை வாடகையும் சேர்ந்துகொள்ளும். காசிமேட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பிள்ளைகளை மறுபடியும் கல்லில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி விடியற்காலையில் தஞ்சாவூரில் இறக்கிவிடும். 60 நாள் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும், மே மாதத்துக்கு மார்ச்சிலேயே போடுங்கள், மாமியாருக்கு லோயர் பெர்த் கேட்டுப் போடுங்கள். எழும்பூரில் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றியிருந்தார்கள், ஏறும் ஸ்டேஷன் எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், காசிமேட்டிலிருந்து தாம்பரம் ஒரு தனிப் பயணம்.

பெரிய கோயிலுக்கு 6 மணிக்கே போய்விடுங்கள். மே மாத வெயிலில் 10 மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்கவே முடியாது, பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். காலையில் அதே பிராகாரம் குளிர்ந்து கிடக்கும், பெரும்பகுதி சமதரை, மாமியார் திருச்சுற்று மண்டபத்தில் உட்கார்ந்தே விமானத்தை முழுசாகப் பார்க்கலாம். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது, 200 அடிக்கு மேல் உயரம், அவ்வளவு கல்லையும் கிரேன் இல்லாமல் மேலே ஏற்றியிருக்கிறார்கள். கயிறும் பாரமும் தெரிந்த உங்கள் வீட்டுக்காரர் அந்த வேலையைப் பார்க்கிற விதமே வேறாக இருக்கும், பிள்ளைகளுக்கு அவரே விளக்கிச் சொல்லட்டும், கைடு தேவையில்லை. வெயில் ஏறினதும் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்விடுங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நிழலில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அப்புறம் சாப்பாடு, தூக்கம். நடு மத்தியானத்தில் கோயிலும் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய்த் தங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் தாராசுரம் மட்டும் போதும். கும்பகோணத்தில் இருக்கிற கோயிலையெல்லாம் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க நினைத்தால் மாமியாரின் முட்டி தாங்காது. தாராசுரத்தில் மண்டபத்தையே குதிரை இழுக்கும் கல் தேராகச் செய்திருக்கிறார்கள், பிள்ளைகள் அந்தச் சக்கரத்தை விட்டு நகர மாட்டார்கள்.

மூன்றாம் நாள் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. மணல் அங்கே இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனையில் ஆண்ட ரகுநாத நாயக்கர்தான் 1620இல் டேனிஷ்காரர்களுக்கு அந்த இடத்தில் கோட்டை கட்ட அனுமதி கொடுத்தார், அதனால் முதல் நாள் பார்த்த அரண்மனையின் கதை இந்தக் கரையில் தொடர்வதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளைகளை மணலில் விடுங்கள். எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதை உங்கள் வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார், அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கடலே வேண்டாம் என்றவர் ஒரு சாயங்காலம் பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ள மாட்டாரா? இரவு மயிலாடுதுறையிலேயே சென்னை வண்டி ஏறிவிடலாம்.

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் டூர். நவம்பர் கடைசியில் இரண்டு நாள். எனக்கு மதுரை ஆசை, மற்ற மூவரும் பாண்டிச்சேரி. ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டேன். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் பக்கம், காரணம் அந்த மாதம். நவம்பர் கடைசி என்பது வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற நேரம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது, ஊரே தண்ணீரில் நின்றது. எல்லா வருஷமும் அப்படி ஆகாது, ஆனாலும் இருக்கிற இரண்டு நாளைப் புயல் எச்சரிக்கை பார்த்துக்கொண்டே கழிக்க வேண்டுமா? கடற்கரை ஊரில் கடலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் அறையில் உட்காருவதைத் தவிர பெரிசாக ஒன்றுமில்லை. மதுரையிலும் மழை வரும்தான், ஆனால் மழை பெய்தால் ஒதுங்கி நிற்கிற இடமே அங்கே பார்க்க வேண்டிய இடம். மீனாட்சியம்மன் கோயில் மண்டபங்கள், 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், ஊருக்கு வெளியே 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம், எல்லாம் கூரைக்குக் கீழே. கீழடிக்கு அரை நாள் ஒதுக்குங்கள், கீறல் எழுத்துகள் உள்ள பானை ஓடுகளை அவசரத்தில் கடந்து போகாதீர்கள்.

தோழிகள் போட்டோவுக்காகத்தான் பாண்டிச்சேரி கேட்கிறார்கள் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போகணும். மகாலில் தூண் தூணாக நின்று எடுத்துக்கொள்ளலாம். பாண்டிச்சேரியை ஜனவரி, பிப்ரவரிக்கு வையுங்கள், மஞ்சள் சுவர்த் தெருக்களில் வெயில் உறைக்காமல் நடக்கலாம், அப்போது அவர்கள் ஓட்டுக்கே நீங்களும் கை தூக்குங்கள்.

கேள்வி: தம்பி, ரிட்டயர் ஆனவன். எனக்கும் வீட்டம்மாவுக்கும் கடலும் வேணும், பழைய ஊரும் வேணும், ராத்திரி வீட்டுக்கும் வந்துடணும். இருக்கா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: இருக்கிறது ஐயா, பழவேற்காடு. உங்கள் ஸ்டேஷனிலேயே கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கும், பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது மண்மேடாகத்தான் இருக்கிறது, அதைத் தேடி அலைய வேண்டாம். டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கிய கல் இரண்டு பக்கமும் நிற்கும், உள்ளே கல்லறைப் பலகைகளில் செதுக்கிய கப்பலும் குடும்பச் சின்னமும் எழுத்தும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. குளிர்காலத்தில் போனால் ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாம். படகில் மட்டும் ஏறாதீர்கள், யார் கூப்பிட்டாலும் சரி. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கரையில் நின்று பார்த்தாலே ஏரியும் கடலும் சேர்ந்து தெரியும். சாப்பாட்டுக்கு இறால், நண்டு பஞ்சமில்லை. பொன்னேரிக்குத் திரும்புகிற பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.