தவணை ஓடும், கார் ஓடாது

கேள்வி: அப்பாவின் பழைய கார் 14 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. வீட்டிலேயே பிரித்துப் புதுசு போல் ஆக்க ஆசை. வீட்டுச் செலவு போகச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. தனிநபர் கடன் வாங்கி ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்லும் விலையைக் கணக்கிலிருந்து முதலில் அடித்துவிடுங்கள். அபூர்வ மாடல்கள் சிலவற்றைத் தவிர, பழைய காரில் போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்புவது அரிது. நீங்களும் அப்பாவின் காரை விற்கிறவராகத் தெரியவில்லை. இது ஆசைக்கான செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதில் தப்பில்லை, கடன் மட்டும் வேண்டாம். வேலை நடப்பது விடுமுறை நாளில். ஒரு ஸ்பேருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை வட்டி காத்திருக்காது.

எல்லோரும் இன்ஜினைக் கண்டு பயப்படுகிறார்கள். பர்ஸைக் காலி செய்வது பெரும்பாலும் பாடியின் தகடுதான். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில், துருவையோ பள்ளத்தையோ மறைக்கப் பூசிய பட்டி இருக்கலாம். தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அடித்தளமே அரித்திருந்தால் வெல்டிங் கூலிதான் உங்கள் பட்ஜெட். காசில்லாத இந்தச் சோதனைக்குப் பிறகு செலவுப் பட்டியல் போட்டு, மொத்தத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அனுபவத்தில் அதுவும் சில சமயம் போதாது.

வரிசை முக்கியம். முதல் பணம் பிரேக்குக்கு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருக்கும். டயரில் பட்டன் (மேல் வரிகள்) தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மாற்றியே ஆகவேண்டும். இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்: பழைய பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பெயின்ட் கடைசி. ஆசையில் முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, அப்புறம் வெல்டிங் செய்து, மறுபடி பெயின்ட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் நிறைய.

முழுதாகப் பிரிக்கவும் வேண்டாம். பாதியில் பணம் தேவைப்பட்டால், அட்டைப்பெட்டிகளில் கிடக்கும் காரை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். ஒரு பகுதியைக் கழற்றுங்கள், போட்டோ எடுங்கள், முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

6 மாதச் செலவுக்கான அவசர நிதி கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பத்தில் ஒரு பங்கு முதலில் அங்கே போகட்டும். அப்புறம் காருக்கென்று தனிக் கணக்கு. அதில் சேர்ந்த அளவுக்கே அடுத்த வேலை. கம்ப்ரஸர், வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுங்கள். ஜாக் ஸ்டாண்டில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள், வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது.

ஸ்பேனரைத் தொடுமுன் ஒன்று: பதிவுச் சான்று செல்லுமா, உங்கள் பெயருக்கு மாறுமா என்று விசாரியுங்கள். சாலையில் இறங்க முடியாத காருக்குச் செலவு செய்வதா என்பது தனிக் கேள்வி.