குழு ஒப்படை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஒப்படை செய்கிறோம். ஆளாளுக்கு வேர்ட்டில் எழுதி வட்சப் குழுவில் போடுகிறோம். ஒப்படைக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு எது புதிய பிரதி, எது பழையது என்றே பிடிபடவில்லை. ஒருவர் செய்த திருத்தங்கள் முழுக்க விடுபட்டுப் போயின. ஒழுங்கான வழி என்ன?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: வட்சப்பில் போட்ட கோப்பை ஒருவர் தரவிறக்கித் திருத்தினால் அது தனிப் பிரதி. ஐந்து பேர் திருத்தினால் ஐந்து பிரதிகள், அவற்றை யாரோ ஒருவர் கண்விழித்துக் கையால்தான் சேர்க்க வேண்டும். ஆகவே வட்சப்பைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்தை, பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் எழுதக்கூடிய கூகிள் டொக்ஸில் ஒரே கோப்பாக வையுங்கள்.

ஒருவர் கோப்பைத் திறந்து, ‘ஷெயர்’ பொத்தானை அழுத்தி, மற்ற நால்வரின் ஜிமெயில் முகவரிகளையும் ‘எடிட்டர்’ ஆகச் சேர்க்கட்டும். ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்’ என்று விடாதீர்கள். அப்படி விட்டால் லொகின் செய்யாமல் உள்ளே வருபவர் பெயரில்லாதவராகவே பதிவாவார், யார் எதை எழுதினார் என்று பிறகு தேடினால் கிடைக்காது. அண்ணாவின் ஜிமெயிலில் எழுதினால் அண்ணாவின் பெயர்தான் விழும். ஒவ்வொருவரும் சொந்தக் கணக்கில் வாருங்கள்.

ஏற்கெனவே வேர்ட்டில் எழுதியதைக் கூகிளின் இணையச் சேமிப்பிடமான ட்ரைவில் ஏற்றினால், பெயருக்குப் பக்கத்தில் ‘டொக்எக்ஸ்’ என்ற அடையாளத்தோடு திறக்கும். ‘ஃபைல்’ பட்டியலில் ‘சேவ் அஸ் கூகிள் டொக்ஸ்’ கொடுங்கள். அப்போது புதிதாக ஒரு கோப்பு உருவாகும், பழையதும் ட்ரைவில் அப்படியே கிடக்கும். இரண்டு பேர் பழையதிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. மாற்றியதும் பழையதை வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடுங்கள்.

முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை போடுங்கள்: பகுதி, பொறுப்பாளர், முடிக்கும் திகதி. ஒவ்வொரு பகுதியின் தலைப்பையும் ‘ஹெடிங்’ பாணியில் இடுங்கள், இடப்பக்கத்தில் தலைப்புகள் வரிசையாகத் தெரியும், தத்தம் பகுதிக்கு நேரே போகலாம். முன்னுரையையும் முடிவுரையையும் பங்குபோட வேண்டாம். ஐந்து பேர் எழுதினால் ஐந்து நடை வரும், பார்த்த உடனேயே விரிவுரையாளருக்குத் தெரியும். கடைசி மூன்று நாட்களை ஒரே ஒருவருக்கு ஒதுக்கி, அவர் ‘சஜெஸ்டிங்’ முறையில் முழுவதையும் வாசித்துத் திருத்தட்டும். அந்த முறையில் திருத்தம் வேறு நிறத்தில் நிற்கும், எழுதியவர் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். எங்கள் கணிப்பில் ஒப்படையின் தரத்தைத் தூக்கிவிடுவது இந்த மூன்று நாட்கள்தான். பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுவதும் இவற்றைத்தான்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை டொக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வருகிறது. என்ன செய்வது?
– மாணவர், கோண்டாவில்

பதில்: பாமினியில் நீங்கள் காண்பது தமிழ் என்றாலும் கணினி சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளை. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. டொக்ஸில் பாமினி இல்லை, நாங்களாக எழுத்துருவை ஏற்றவும் அது இடம்தராது. எனவே உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

பாமினியிலிருந்து, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித்தரும் இணையப் பக்கங்கள் இலவசமாக உண்டு. ஆனால் முழு ஒப்படையையும் ஒரே தடவையில் போடாதீர்கள். ஆங்கிலத்தில் உள்ள நூற்பெயர்களையும் ஆசிரியர் பெயர்களையும் அந்தப் பக்கம் பாமினி என்றே எடுத்துக்கொண்டு பொருளில்லாத தமிழாக்கிவிடும். உசாத்துணைப் பட்டியலை ஒதுக்கிவைத்து, பந்தி பந்தியாக மாற்றுங்கள், பந்திக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் பிறகு கையால் இடுங்கள். ஒட்டியபின் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றைக் குழு முழுவதற்கும் பொதுவாகத் தெரிவுசெய்யுங்கள்.

விரல்கள் பாமினிக்குப் பழகிவிட்டதென்றால் விசைப்பலகையை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசையமைப்பு இருக்கிறது. விசைகள் பழையவை, விழும் எழுத்து யூனிகோடு.

கேள்வி: குழுவில் ஒருவர் எதுவுமே செய்யவில்லை, புள்ளி மட்டும் எல்லோருக்கும் சமன். விரிவுரையாளருக்கு ஆதாரம் காட்டலாமா? இன்னொருவர் எனது பகுதியைத் தவறுதலாக அழித்தும்விட்டார்.
– பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: இரண்டுக்கும் ஒரே இடம்தான். கணினியில் ‘ஃபைல்’, ‘வேர்ஷன் ஹிஸ்டரி’, ‘சீ வேர்ஷன் ஹிஸ்டரி’ என்று போங்கள். வலப்பக்கத்தில் திகதியும் நேரமும் வரிசையாக வரும். ஒன்றை அழுத்தினால் அந்நேரம் யார் சேர்த்தார், யார் நீக்கினார் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும்.

அழிந்ததை மீட்க ‘ரிஸ்டோர்’ பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அது முழுக் கோப்பையும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்விடும், அதற்குப் பின் மற்றவர்கள் எழுதியது பக்கத்திலிருந்து மறையும். பழைய பதிப்பில் உங்கள் பகுதியை மட்டும் நகலெடுத்து, இன்றைய கோப்பில் ஒட்டுங்கள்.

ஆதாரம் பற்றி: இந்த வரலாறு தட்டச்சைத்தான் காட்டும், உழைப்பை அல்ல. நான்கு பேர் வட்சப்பில் அனுப்பியதை ஒருவர் ஒட்டினால் முழுவதும் அவர் பெயரில் நிற்கும். வீடு வீடாகப் போய் நேர்காணல் எடுத்தவரின் பெயர் எங்குமே இராது. அதனால்தான் முதல் பக்க அட்டவணை முக்கியம், களவேலையையும் அதில் எழுதுங்கள். முறைப்பாட்டுக்கு முன் அவருடைய பகுதியில் ஒரு ‘கொமென்ட்’ இட்டு, ‘அட்’ குறியோடு அவர் முகவரியைச் சேர்த்து, ‘அசைன்’ பெட்டியில் சரி போட்டு, திகதி குறிப்பிடுங்கள். மின்னஞ்சல் அவருக்குப் போகும், உங்களிடமும் பதிவு இருக்கும். அதோடு அவரிடம் மடிக்கணினி இருக்கிறதா என்றும் கேளுங்கள். போன் மட்டும் உள்ளவருக்குப் பெரிய அட்டவணை வரையும் பகுதியைக் கொடுத்துவிட்டுச் சோம்பேறி என்பது நியாயமில்லை. அவருக்கு உரைப்பகுதி ஒன்றை மாற்றிக்கொடுங்கள். அதன்பின்னும் அசையாவிட்டால் விரிவுரையாளரிடம் போங்கள், கடைசி வாரத்தில் அல்ல, பாதிக் காலத்திலேயே.

கேள்வி: விடுமுறைக்கு நெடுந்தீவுக்கு வந்துவிட்டேன். இணைப்பு அடிக்கடி விழுகிறது. எப்படி எழுதுவது?
– மாணவி, நெடுந்தீவு

பதில்: இணைப்பு இருக்கும்போதே ஆயத்தம் செய்ய வேண்டும். போனில் டொக்ஸ் செயலியில், கோப்பின் பெயருக்குப் பக்கத்து மூன்று புள்ளிகளை அழுத்தி ‘மேக் அவெய்லபிள் ஒஃப்லைன்’ கொடுங்கள். கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் ‘கூகிள் டொக்ஸ் ஒஃப்லைன்’ நீட்சி வேண்டும், உலாவியின் இன்கொக்னிட்டோ (மறைநிலை) சாளரத்தில் அது வேலை செய்யாது. பிறகு இணைப்பு இல்லாமலே எழுதலாம், இணைப்பு வந்ததும் தானே சேரும். நீங்களும் இன்னொருவரும் ஒரே வசனத்தைத் திருத்தியிருந்தால் இரண்டும் கலந்து குழம்பும், ஆகவே ஒஃப்லைனில் உங்கள் பகுதியை மட்டும் தொடுங்கள். உரைக்கு டேட்டா மிகக் குறைவாகவே போகும். படங்கள்தான் கனம், அவற்றை யாழ்ப்பாணத்தில் இருப்பவர் சேர்க்கட்டும்.

கேள்வி: கூட்டம் நடக்கும்போது ஸூம் நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்?
– மாணவர், பருத்தித்துறை

பதில்: இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். கூகிள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். டொக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வட்சப் குரல் அழைப்பில் பேசுங்கள், 32 பேர் வரை சேரலாம், நேர எல்லை இல்லை. முடிவுகளைப் பேசும்போதே ஒருவர் கோப்பின் அட்டவணையில் எழுதிக்கொண்டு போகட்டும்.