பறக்கிற கினிக்கோழிக்கு ரெட் டாட் தேவையா?

கேள்வி: தம்பி, எனக்கு 58 வயது, ஊர் தென்னாப்பிரிக்காவில் டோங்காட். குளிர்காலம் வந்தால் கிரேடவுன் பக்கம் தெரிந்தவர் பண்ணையில் கினிக்கோழியும் கௌதாரியும் சுடப் போவோம். என்னிடம் இருப்பது 12 போர் (குழலின் அளவு), ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் குழல் வைத்த ஷாட்கன். இரண்டு சீசனாகக் குறி ரொம்பத் தப்புகிறது. ரெட் டாட் என்கிற குறிபார்க்கும் கருவியை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். பணத்தைப் போடலாமா?

பதில்: அண்ணே, கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ரெட் டாட்டுக்குள் இருப்பது ஒரு குட்டி எல்இடி. அதன் வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது, புள்ளி எங்கோ தூரத்தில் பறவையோடு சேர்ந்து நிற்பது மாதிரி தெரியும். குழல் முனையில் குறிபார்க்க இருக்கிற குட்டி மணியையும் பறவையையும் கண் மாறி மாறிப் பிடிக்க வேண்டியதில்லை, அதனால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற வயசுக்காரர்களுக்கு இது நிஜமாகவே உதவும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது கண் ஓங்கியிருந்தாலும் பலர் இதில் பலன் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் சுடுவது பறக்கிற கோழியை. குறுக்கே மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது, தூரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரவை (தோட்டாவிலிருந்து சிதறிப் போகிற சிறு குண்டுகள்) போய்ச் சேர ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி ஆகும், அதற்குள் கோழி ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அப்படியானால் புள்ளியைக் கோழி மேல் வைத்து விசையை இழுத்தால் ரவை வாலுக்குப் பின்னால்தான் போகும், நீங்கள் சுட வேண்டிய இடம் முன்னால் இருக்கிற வெறும் ஆகாயம். அந்த ஆகாயம் எவ்வளவு என்று எந்தப் புள்ளியும் சொல்லித் தராது. அதைவிட மோசம், புதிதாக மாட்டியவர்கள் பறவையை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், கை ஒரு கணம் நின்றுவிடுகிறது, கோழி போயே போய்விட்டது. அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்கு இது பிரபலமானதற்குக் காரணமே அந்தப் பறவை பெரும்பாலும் தரையில் நிற்கிறபோது சுடுகிறார்கள் என்பதுதான்.

ஆகவே காசு கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பத்திரமான பக்கம் நோக்கி, கண்ணை மூடித் தோளில் வையுங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை தட்டையாகவும் மணி நட்டநடுவிலும் தெரிந்தால் தோளில் வைக்கிற கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. பட்டை சரிவாக ஏறித் தெரிந்தாலோ மணி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ஷாட்கனில் பின்குறி என்று தனியாக எதுவும் கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி, அது இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, ரேஞ்சில் ஒரு மீட்டர் அகலத் தாளை 15 மீட்டரில் நிறுத்தி, குறி பார்க்காமல் சட்டென்று தோளில் ஏற்றி நாலைந்து முறை நடுப்புள்ளியைச் சுடுங்கள். ரவைக் கூட்டம் ஒரே பக்கம் விழுந்தால் கட்டையைத் திருத்துவது ரெட் டாட்டைவிட மலிவாகவே முடியும். நடுவில் விழுந்தும் கோழி தப்புகிறதென்றால் உங்களுக்கு வேண்டியது, களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடப் பழகுகிற கிளே ரேஞ்சில் சில சனிக்கிழமைகள்.

இல்லை, மணியே மங்கலாகத் தெரிகிறது, கண் மருத்துவரிடமும் போய்விட்டு வந்தேன் என்றால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். அப்படி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உயரம். பம்ப், செமி ஆட்டோ வகைத் துப்பாக்கிகளில் பல மாடல்களுக்கு உடற்பகுதியின் மேல் திருகுத் துளை ஏற்கெனவே இருக்கும். உங்கள் இரட்டைக் குழலில் பெரும்பாலும் மேல்பட்டையில்தான் மாட்ட வேண்டும், ஏம்பாயிண்ட் மைக்ரோ எஸ்-1 என்கிற ரெட் டாட் அதற்கென்றே செய்தது. பட்டையின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சைட் (குறிபார்க்கும் கருவி) ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தாலே கன்னம் கட்டையை விட்டு எழும்பும், புள்ளி சைட்டின் கண்ணாடிச் சன்னலுக்குள் வராது, நீங்கள் அதைத் தேடுவதற்குள் கோழி அடுத்த கரும்புத் தோட்டம் தாண்டியிருக்கும். அதனால் கன்னம் வைக்கிற இடத்தை உயர்த்த ஒரு பட்டைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புள்ளி அளவைப் பற்றிக் கடையில் நிறையப் பேசுவார்கள். அதை எம்ஓஏ என்கிற கோண அளவில் சொல்வார்கள். 3 எம்ஓஏ என்றால் 30 மீட்டரில் சுமார் 2.6 சென்டிமீட்டரை மறைக்கும், 6 எம்ஓஏ என்றால் 5.2. ரவைக் கூட்டமே அங்கே முக்கால் மீட்டருக்கு விரிந்திருக்கும்போது நுணுக்கம் எதற்கு? சட்டென்று கண்ணில் படுகிற பெரிய புள்ளியை எடுங்கள். உச்சி வெயிலில், வெளுத்த புல்வெளியைப் பார்த்துப் புள்ளி தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள், டியூப்லைட்டுக்கு அடியில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். மிட்லண்ட்ஸ் காலைப் பனிக்கும் தூறலுக்கும் எல்இடி முழுக்க மூடிய வகை நல்லது, திறந்த வகையில் ஒரு துளி தண்ணீர் விழுந்தாலே புள்ளி சிதறிவிடும். மாட்டியதும் நீங்கள் வழக்கமாகப் போடும் தோட்டா, அதே சோக் (ரவை விரிவதைக் கட்டுப்படுத்துகிற குழல்முனைக் குறுக்கம்) வைத்துத் தாளில் சுட்டுத் திருத்துங்கள். களத்தில் நாயும் ஆட்களும் புல்லுக்குள் இருப்பார்கள், புள்ளியிலேயே கண்ணை ஒட்டவைத்துத் தாழப் பறக்கிற கோழியைத் தொடர்வது ஆபத்து.

கேள்வி: அண்ணா, போன மாதம் வாங்கிய ரெட் டாட்டில் புள்ளி வட்டமாக இல்லை, வால் வைத்த நட்சத்திரம் மாதிரி இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரெட் டாட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக போன் கேமராவில் ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில், ஆஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணின் வளைவு சீராக இல்லாதது. படத்திலும் சிதறினால் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், அப்புறமும் சரியாகாவிட்டால் கடைக்கு.

கேள்வி: அண்ணா, நான் சாட்ஸ்வொர்த். நாலு மாதத்துக்கு முன் இங்குள்ள ஒரு கடையின் இணையதளத்தில் மலிவான ரெட் டாட் வாங்கினேன். 12 போருக்கு என்று எழுதிக் கேட்டுத்தான் வாங்கினேன். இருபது தோட்டாவுக்குள் புள்ளி அணைந்துவிட்டது. எலெக்ட்ரானிக் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். இதற்கு லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அவர்கள் அப்படிச் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் பழுதானால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை அல்ல. பழுதுபார்த்துத் தந்து 3 மாதத்துக்குள் மறுபடி கெட்டால் மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். இன்ன வேலைக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கியது உங்களுக்கு ரொம்ப பலம், 55ஆம் பிரிவு அதைத்தான் பேசுகிறது, அந்தக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். காற்றுத் துப்பாக்கிக்கும் .22 ரைபிளுக்கும் செய்த சைட்டை 12 போரின் உதைக்கு விற்பது இங்கே சகஜம். நீங்களே அதைத் திறந்து நோண்டியிருந்தால் மட்டும் கேஸ் பலவீனம். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், மசியாவிட்டால் நுகர்பொருள் சேவை ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுங்கள். தனியாள் ஒருவர் தன் பழைய சைட்டை விற்றிருந்தால் இந்தச் சட்டம் உதவாது.

சைட்டுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் முக்கிய பாகமாகக் கணக்கில் எடுப்பது குழலையும் உடற்பகுதியையும்தான். ஆனால் துளை போட்டு மாட்டுவதாக இருந்தால் கேரேஜ் நண்பரிடம் கொடுக்காதீர்கள், துப்பாக்கி வேலை செய்ய லைசென்ஸ் வைத்திருக்கிற கன்ஸ்மித்திடமே போங்கள். திருகுகள் கழலாமல் பிடிக்க நீல நிற லாக்டைட் பசை போட்டாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். புரட்டாசி வந்தால் வீட்டில் கோழியை அடுப்பில் ஏற்ற விடமாட்டார்கள், அதற்குள் பணத்தை வாங்கிவிடப் பாருங்கள்.