மழலையர் ஆசிரியருக்குச் சொந்தமாக ஒரு கற்பித்தல் தத்துவம் எதற்கு?

குழந்தை எப்படிக் கற்கிறது, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? இந்த இரண்டுக்கும் ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் பதில்தான் கற்பித்தல் தத்துவம். மூன்று வயதுக் குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டால் திட்டுவதா, துடைக்கத் துணி கொடுப்பதா என்று யோசிக்க நேரம் இருக்காது. அப்போது முன்பே யோசித்து வைத்த தத்துவம்தான் வழிகாட்டும்; கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலத்தான் இது. புள்ளி சரியாக இருந்தால் கை தடுமாறாது.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் பள்ளி தொடங்கியபோது, குழந்தைகளைக் கவனித்தே தம் முறையை வளர்த்தார். தானே செய்து பார்க்கத்தான் குழந்தைக்கு ஆசை என்று கண்டார். அதனால் நாற்காலியும் அலமாரியும் குழந்தையின் உயரத்துக்கு இறங்கின. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்: ஒரு வாரம் பேச்சைக் குறைத்து, சும்மா பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒருமுறை எழுதிக் கொடுக்கும் பக்கம் என்று பலர் கற்பித்தல் தத்துவத்தை நினைக்கிறார்கள்; அப்படியல்ல, ஒவ்வோர் ஆண்டும் வரும் குழந்தைகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியது.