கோகர்ணமா, பாண்டிச்சேரியா?

கேள்வி: நாங்கள் 19 வருடமாக அல்சூரில் இருக்கிறோம். பையன் ஒன்பதாவது, பெண் நான்காவது படிக்கிறார்கள். தசரா விடுமுறையில், அக்டோபர் மூன்றாம் வாரம், நான்கு நாள் ஏதாவது கடற்கரை ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறோம். கணவரும் பையனும் கோகர்ணம் என்கிறார்கள். எனக்குப் பாண்டிச்சேரிதான் ஆசை. காரிலேயே போய்விடலாம், தமிழ் பேசுகிற ஊர், சாப்பாட்டுக்கும் கவலையில்லை. கூட 71 வயது மாமியாரும் வருகிறார். அவருக்கு மூட்டுவலி. ஆனால் "கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சுதான். எந்த ஊர் சரி என்று நீங்கள் சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த அக்டோபருக்குக் கோகர்ணம். பாண்டிச்சேரியை விட்டுவிட வேண்டாம், பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள்.

எல்லாம் மழையை வைத்துத்தான். மேற்குக் கரையில் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் கடைசியில் ஓயத் தொடங்கிவிடும். அக்டோபரில் கோகர்ணத்தைச் சுற்றி மலையெல்லாம் பச்சையாக இருக்கும். மழைக்காகப் பிரித்து வைத்த கடற்கரைக் கடைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கிழக்குக் கரை இதற்கு நேர்மாறு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். நீங்கள் சொல்லும் அதே வாரம். அப்புறம் டிசம்பர் வரை காற்றழுத்தத் தாழ்வு, புயல் சின்னம் என்று செய்தியில் கேட்டுக்கொண்டே இருப்போம். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், லாட்ஜ் ஜன்னலில் மழையைப் பார்த்துவிட்டு வருவதுபோல் ஆகிவிடக் கூடாது.

பாண்டிச்சேரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீச் ரோடு என்றதும் பிள்ளைகள் மணலில் ஓடி விளையாடுவதுபோல் மனதில் ஒரு படம் வரும். அங்கே பெரும்பாலும் இருப்பது கருங்கல். 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. வருடத்தில் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை கரையைத் தின்றுகொண்டே வந்தது, ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மனிதர் கெடுத்ததை மனிதரே கொஞ்சமாவது சரிசெய்ததைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனாலும் பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் ஊரை விட்டு வெளியே, சின்ன வீராம்பட்டினம் பக்கமோ, சுண்ணாம்பாற்றில் படகேறி அக்கரை மணலுக்கோ போக வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு மட்டும் என்றால் பீச் ரோடு நல்ல இடம், அதையும் சொல்லிவிட வேண்டும். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், தரை சமமாக இருக்கும், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். பிப்ரவரியில் அவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

சரி, கோகர்ணத்துக்கு வருவோம். என் அம்மாவைக் கூட்டிப்போனபோது நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது. போட்டோவைப் பார்த்து ஓம் கடற்கரைப் பக்கம் ஒரு அறை எடுத்தேன். "படி இருக்கா?" என்று போனில் கேட்டதற்கு, "பத்துப் படிதான்" என்றார்கள். போய்ப் பார்த்தால், ரோடு மேட்டிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து கல் படி வளைந்து வளைந்து கீழே இறங்கியது. அம்மா இரண்டு நாள் அறை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். அலைச் சத்தம் கேட்டது, கடல் தெரியவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கடி, நான் இங்கேயே இருக்கேன்" என்று அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து ஊருக்குள் இருக்கிற பெரிய கடற்கரைக்குப் போனோம். கோயில் தெரு நேராக மணலில் போய் முடியும், ஏற்ற இறக்கம் கிடையாது. டீக்கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, ஈர மணலில் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். அலை வந்து கணுக்காலைத் தொட்டது. திரும்பும்போது குதிகாலுக்குக் கீழிருந்து மணலை உருவிக்கொண்டு போனது. நாற்காலியின் முன்கால் இரண்டும் மெல்லப் புதைந்து, அம்மா முன்னால் சாய, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அதனால் ஊருக்குள், கோயிலுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேளுங்கள். படி எத்தனை என்று போனில் கேட்டு விட்டுவிடாதீர்கள், வாசலை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோயிலை ஒட்டிய மணலில் திதி கொடுப்பவர்களும் குளிப்பவர்களுமாகக் கூட்டம் இருக்கும். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் நீளமாக, அமைதியாக மணல் கிடக்கும். குட்லே, ஓம் கடற்கரைகளுக்கு உங்கள் கணவரும் பிள்ளைகளும் ஒரு நாள் போய்விட்டு வரட்டும். நீங்களும் போங்கள். அத்தையை இரண்டு மணி நேரம் உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மேற்குக் கரையில் சூரியன் கடலில் மறையும். பாண்டிச்சேரியில் கடலில் உதிக்கும், அதைப் பார்க்க விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். விடுமுறையில் எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்?

மொழியைப் பற்றி யோசிக்க வேண்டாம். 19 வருட அல்சூர் கன்னடம் கோகர்ணத்துக்குத் தாராளம். மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால், அங்கே காணே என்பது நம்ம கிழங்கான், அஞ்சல் என்பது வஞ்சிரம்.

உங்கள் மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கோகர்ணம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். பாடல் பெற்ற தலங்களில் துளு நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். மகாபலேஸ்வரர் சன்னதிக்குள் ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டியோடு போக வேண்டும். பையனுக்கும் ஒரு வேட்டி எடுத்து வையுங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மழை விட்ட பிறகும் அக்டோபரில் சில நாள் அலை பெரிதாக இருக்கும். அலைகள் வரிசையாக உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் கருப்பாக, அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. பார்க்கச் சாதுவாக இருக்கும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்துப் போய்விடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். உங்கள் பையனுக்கு நீச்சல் குளத்தில் நீந்தத் தெரிந்திருக்கலாம், கடலுக்கு அது போதாது. பெண் தண்ணீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் அவளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், கரைப் பக்கம் இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். பிள்ளைகள் நன்றாகக் குளிக்க வேண்டுமென்று அடம்பிடித்தால், தெற்கே ஹொன்னாவர் பக்கம் இருக்கிற காசர்கோடு கடற்கரைக்கு ஒரு நாள் டாக்சியில் போய் வாருங்கள். கேரளத்துக் காசர்கோடு இல்லை, பெயர் ஒன்றுதான். சுத்தமும் பாதுகாப்பும் பார்த்துக் கடற்கரைகளுக்குக் கொடுக்கும் நீலக் கொடிச் சான்றை 2020இல் பெற்ற கடற்கரை அது. உயிர்காப்பாளரோ உயிர்காக்கும் கருவிகளோ இருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கான விதிகளில் ஒன்று. போனதும் உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்று பார்த்து, அவரிடம் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கார் வேண்டாம். கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர், மலைப்பாதை வேறு. உங்கள் கணவருக்கு நான்கு நாளில் இரண்டு நாள் ஸ்டியரிங்கிலேயே போய்விடும், அத்தையின் முழங்கால் மடங்கியே கிடக்கும். மெஜஸ்டிக்கிலிருந்து சாயங்காலம் புறப்படும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் கோகர்ண ரோடு ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அத்தைக்குக் கீழ் பெர்த் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூத்தோருக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு தனியாகவோ, தகுதியுள்ள இரண்டு பேராகவோ டிக்கெட் எடுப்பவர்களுக்குத்தான். அதனால் அவருக்கு மட்டும் அந்த ஒதுக்கீட்டில் தனி டிக்கெட் போடுங்கள். வேறு பெட்டியில் விழுந்தால் உங்களில் ஒருவர் அங்கே இடம் மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். தசரா சீட்டு நிற்காது. அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.