செட்டிநாட்டு வீடுகள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: காரைக்குடிப் பகுதியில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கட்டிய, இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் நிறைந்த இவ்வீடுகளைத் தமிழர் கட்டடக்கலை என்று எப்படிச் சொல்வது?

பதில்: தெருவில் நின்று பார்ப்பதால் எழும் ஐயம் இது. முகப்பு, பட்டாலை என்னும் முன்கூடம், வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று, வாசல்களெல்லாம் நேர்க்கோட்டில் அமைய, முன் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளும் அந்த வரிசை ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. வளவைச் சுற்றிய அறைகள் மணமான மகன்களுக்கு உரியவை. மணமானவன் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அவனை 'வேறு வைத்த' பின் அடுப்பு தனி, கூரை மட்டும் பொது. வீட்டின் அமைப்பு இந்தக் குடும்ப முறையிலிருந்து பிறந்தது. பளிங்கு அதன்மேல் போர்த்திய பட்டு.

கேள்வி: வெறும் பட்டுதானா? இரும்பு உத்தரம் இல்லாமல் அத்தனை அகலமான விருந்துக்கூடம் ஏது?

பதில்: நியாயமான மறுப்பு. பிற்கால வீடுகளின் கூடங்களுக்கு அது பொருந்தும். என் சொல்லைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் வளவுக்கு அந்த உத்தரம் தேவைப்படவில்லை.

கேள்வி: தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எந்தச் சூளையில் சுடுகிறார்கள்?

பதில்: சுடுவதே இல்லை. கண்ணாடிமேல் வைத்த அச்சில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைப்பார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

கேள்வி: காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டில் உண்மையாகவே ஆயிரம் உண்டா?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: அது பெயர், கணக்கன்று.

கேள்வி: இப்படிக் கட்டுவது ஏன் நின்றது?

பதில்: நகரத்தார் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து ஈட்டிய பணம் வந்த வழி அடைபட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கொடுத்த கடன் திரும்பாமல் பர்மிய வயல்களாகக் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. பர்மா விடுதலை பெற்ற பின் அந்நாட்டரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியது.

கேள்வி: பழைய தேக்குத் தூண் என்ன விலை?

பதில்: தரகரிடம் கேளுங்கள். வீட்டைப் பிரித்து விற்பதற்கு நான் துணையில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரின் முட்டைப் பூச்சு உப்பி உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அது முட்டை மட்டுமன்று, அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்ந்த பூச்சு. ஈரத்தை வெளிவிடும் அந்தச் சுவரின்மேல் பிளாஸ்டிக் வண்ணம் அடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவருகிறேன். நீங்கள் அடித்திருப்பீர்கள். முதலில் அந்த வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள்.